1971: டாக்கா எரிந்தபோது வாஷிங்டன் என்ன செய்தது? (கேள்வி பதில்)

வங்கதேசப் போரில் அமெரிக்கா நடந்துகொண்ட விதம் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், ஜனநாயகம் பேசும் அமெரிக்கா ஏன் பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் யாஹியா கான் பக்கம் நின்றது?

பதில்: முதல் காரணம் சீனா. அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் பீக்கிங்கோடு (இன்றைய பெய்ஜிங்) பேச வழி தேடிக்கொண்டிருந்தார். அவருக்காகத் தூது போனவர் யாஹியா. 1971 ஜூலையில் பாகிஸ்தான் வந்த நிக்ஸனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் வயிற்றுவலியால் மலைவாசஸ்தலத்தில் ஓய்வெடுக்கிறார் என்று பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். அவரோ ரகசியமாகப் பீக்கிங் பறந்துவிட்டார்.

அதற்குள் கிழக்கு பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) என்ன நடந்தது என்று பாருங்கள். 1970 டிசம்பர் தேர்தலில் அங்கிருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160 ஷேக் முஜிபின் அவாமி லீக் கட்சிக்குப் போயின. ஆட்சியைக் கொடுக்க மனமில்லாத ராணுவம் மார்ச் 25 இரவு டாக்காவில் இறங்கி, பல்கலைக்கழக விடுதிகளிலேயே மாணவர்களைச் சுட்டது. ஏப்ரல் 6 அன்று டாக்காவில் பணியாற்றிய 20 அமெரிக்கர்கள், தங்கள் அரசு தார்மிகமாகத் திவாலாகிவிட்டது என்று கையெழுத்திட்டுத் தந்தி கொடுத்தார்கள். ஆமோதித்து அனுப்பிவைத்தவர் அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவர் (கான்சல் ஜெனரல்) ஆர்ச்சர் பிளட். நிக்ஸன் மசியவில்லை. ஏப்ரல் இறுதியில் வந்த கோப்பில், யாஹியாவை இப்போது நெருக்க வேண்டாம் என்று தன் கையாலேயே எழுதினார். ‘வேண்டாம்’ என்பதன் கீழே மூன்று கோடுகள்.

சரி, ஜூலையோடு யாஹியாவின் தூது வேலை முடிந்துவிட்டதே, டிசம்பர் வரை ஏன் தாங்கிப்பிடித்தார்கள்? சோவியத்தின் நண்பனான இந்தியாவிடம் தன் நண்பனான பாகிஸ்தான் தோற்றால், சீனா அமெரிக்காவை மதிக்காது என்ற பயம். கூடவே இந்திரா காந்தி மீது நிக்ஸனுக்கு இருந்த வெறுப்பு. நிக்ஸன் திட்டியதெல்லாம் வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களில் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: அமெரிக்கர்கள் எல்லோருமே அப்படித்தானே?

பதில்: இல்லவே இல்லை. அமெரிக்காவை ஒற்றை ஆளாக நினைக்காதீர்கள். யார், எந்த அலுவலகம், எந்தத் தேதி என்று கேளுங்கள். அதே ஜூலையில் பால்டிமோர் துறைமுகத்தில் ‘பத்மா’ என்ற பாகிஸ்தான் சரக்குக் கப்பலைச் சின்னச் சின்னத் துடுப்புப் படகுகளில் போய் மறித்தவர்கள் சாதாரண அமெரிக்கர்கள். ஆகஸ்ட் 1 அன்று ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தினார்கள். செனட்டர் எட்வர்ட் கென்னடி இந்தியாவின் அகதி முகாம்களுக்கே வந்தார்.

கேள்வி: வியட்நாம் போர் பற்றியும் எழுதுங்களேன்.

பதில்: அது என் துறை இல்லை. தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எண்டர்பிரைஸ் கப்பல் இந்தியாவைத் தாக்கத்தானே வந்தது? சோவியத் நீர்மூழ்கிகள் துரத்தியதால் ஓடிவிட்டதாம்.

பதில்: அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படையைச் சேர்ந்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் வந்தது மிரட்டலுக்கு. டிசம்பர் 15 அன்று வங்கக் கடலில் நுழைந்தது. மறுநாளே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்துவிட்டது. சோவியத் கப்பல்கள் பின்தொடர்ந்தது உண்மை; துரத்தியது என்பது கதை.

கேள்வி: துரத்தவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் பெரியப்பா கடற்படையில் இருந்தவர்.

பதில்: பெரியப்பா மீது மரியாதை உண்டு. ஆனால் தேதியை வைத்துப் பாருங்கள். சரணாகதிக்குப் பிறகு அந்தக் கப்பலுக்கு அங்கே என்ன வேலை? துரத்த ஆள் தேவையே இல்லை. எல்லோரும் கப்பலையே கேட்கிறீர்கள். என்னை உலுக்குவது வேறு. டிசம்பர் 10 அன்று நியூயார்க்கில் கிஸ்ஸிங்கர் ஐ.நா.வுக்கான சீனத் தூதர் ஹுவாங் ஹுவாவைச் சந்தித்து, இந்தியாவுக்கு எதிராகச் சீனா இறங்கினால் பிறர் தலையிடுவதை அமெரிக்கா எதிர்க்கும் என்று உணர்த்தினார். சீனா இறங்கி, சோவியத்தும் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னொன்று, சட்டவிரோதம் என்று சொந்த அதிகாரிகளே எச்சரித்தும், ஜோர்டானிடம் இருந்த அமெரிக்க எஃப்-104 போர் விமானங்கள் பாகிஸ்தானுக்குப் போக நிக்ஸன் வழிவிட்டார். இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வி: ஏழாவது கப்பற்படை ஏன் வந்தது?

பதில்: மேலே இருக்கிறது. படியுங்கள்.

கேள்வி: தந்தி அனுப்பிய பிளட் என்ன ஆனார்?

பதில்: டாக்காவிலிருந்து மாற்றிவிட்டார்கள். கடைசிவரை தூதர் பதவி கிடைக்கவில்லை. சக வெளியுறவு அதிகாரிகளின் சங்கம் மட்டும் அதே 1971இல் துணிந்து மாற்றுக் கருத்துச் சொல்பவர்களுக்கான ஹெர்ட்டர் விருதை அவருக்குக் கொடுத்தது.