பொறந்த புள்ள எடை குறைஞ்சா பால் பத்தலன்னு அர்த்தமா?

கேள்வி: ஆப்பரேஷன்ல பொறந்த முதல் புள்ள. பொறந்தப்ப 3.2 கிலோ, நாலாவது நாள் வீட்டுக்கு வந்த மிஸ்ஸி (நர்ஸ்) நிறுத்துப் பார்த்தா 2.95 தான். தாய்ப்பால் மட்டும்தான் குடுக்குறேன். பால் பத்தல, பால் மாவு கலக்கிக் குடுன்னு மாமியார் சொல்றாங்க. ஒரே அழுகையா வருது.
- ஜெலுத்தோங் வாசகி, பினாங்கு

பதில்: அழாதம்மா. 250 கிராம்னா பெருசா தெரியும், ஆனா கணக்குப் போட்டா 8 விழுக்காடு கூட இல்ல. தாய்ப்பால் குடிக்கிற புள்ளைங்க முதல் சில நாள்ல 7 விழுக்காடு வரைக்கும் குறையுறது சாதாரணம், ஆப்பரேஷன் புள்ளைங்க இன்னும் கொஞ்சம் கூட குறையும், 10 விழுக்காட்ட நெருங்குனாதான் டாக்டர் உடனே பார்க்கணும். உடம்புல இருந்த அதிகப்படி தண்ணியும் கருப்பு ஆயும் வெளிய போறதுதான் பெரும்பாலும் அந்தக் குறைச்சல், உனக்கு டிரிப் நிறைய ஏத்தியிருந்தா அந்தத் தண்ணி புள்ளைக்கும் போய் பொறந்த எடையே கொஞ்சம் கூடுதலா காட்டியிருக்கும்.

ஆனா 8 கிட்ட வந்துட்டதால பால் எறங்குதான்னு கவனிச்சே ஆகணும். ஆப்பரேஷனுக்கு அப்புறம் பால் கட்ட ஒரு நாள் ரெண்டு நாள் லேட்டாகும், அதுவரைக்கும் சீம்பால்தான், கொஞ்சமா வந்தாலும் அத விடாதே. ஒரு நாளைக்கு 8லேருந்து 12 தடவ குடுக்கணும். பெடோங் துணிய இறுக்கி சுத்தி வெச்சா புள்ள தூங்கிக்கிட்டேதான் கெடக்கும், அவுத்துட்டு உன் நெஞ்சோட ஒட்டி வெச்சு எழுப்பு. வாய் பெருசா தொறந்து, தாடை மார்புல பட்டு, முழுங்குற சத்தம் கேட்டா சரி. கன்னம் குழி விழுந்தாலோ காம்பு நசுங்கி வெளிய வந்தாலோ சரியா பிடிக்கல, மிஸ்ஸிய உக்கார வெச்சு ஒரு தடவ குடுத்துக் காட்டு.

தராச விட பம்பர்ஸ்தான் சீக்கிரம் சொல்லும். அஞ்சாவது நாள்ல ஆறு தடவயாவது ஈரமாகணும், ஆய் மஞ்சளா மாறியிருக்கணும். முதல் ரெண்டு நாள்ல செங்கல் நெறத்துல கறை பட்டா பரவால்ல, இப்பவும் பட்டா பால் பத்தலன்னு அர்த்தம்.

டாக்டர் கூட்டிக் குடுக்கச் சொன்னா பீச்சின பால முதல்ல குடு, அதுவும் பத்தாட்டி மாவுப்பால் குடுக்குறதுல தப்பே இல்ல. சீனித்தண்ணி, தேன் மட்டும் யார் சொன்னாலும் வேணாம். மாமியார் பயத்துலதான் சொல்றாங்க, பம்பர்ஸ் கணக்க அவங்க கிட்டயே குடுத்துடு.

10லேருந்து 14 நாளுக்குள்ள 3.2 திரும்ப வரணும். எழுப்பியும் குடிக்கலன்னாலோ, மஞ்சள் காமாலை கால் வரைக்கும் எறங்குனாலோ, காய்ச்சல் 38 தொட்டாலோ அடுத்த எடை நாளுக்குக் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடும்மா.