ஊசி 40,000, பேன் 1,70,000: இரண்டும் முரண் இல்லை

வணக்கம். மகளின் அறிவியல் செயல்திட்டத்தில் "மனிதன் ஆடை உடுத்தியது 40,000 ஆண்டுகளுக்கு முன்பு" என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டு 1,70,000 என்று போட்டிருக்கிறார், எது சரி என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் எண் காதுள்ள எலும்பு ஊசிகளை வைத்து வந்திருக்கும். அது தையலின் வயது. தோலை வெறுமனே போர்த்திக்கொள்ள ஊசி வேண்டாம், அந்தத் தோலும் மட்கிப் போய்விடும். ஆசிரியரின் எண் பேனிடமிருந்து வந்தது.

தலைப்பேன் ஈரை முடியில் ஒட்டும். பேன்சீப்பால் வாரியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருக்கும் என்று. சீலைப்பேனோ துணியின் மடிப்பிலும் தையலோரத்திலும் ஈர் வைக்கும், இரத்தம் குடிக்க மட்டும் உடம்புக்கு வரும். துணி இல்லாவிட்டால் அதற்கு வீடே இல்லை. பெயரிலேயே சீலை இருக்கிறது, பாருங்கள்! ஆகவே தலைப்பேன் வழியிலிருந்து அது பிரிந்த காலத்தில் ஆடை இருந்தே ஆக வேண்டும். இரண்டு பேன்களும் பிரிந்த பிறகு அவற்றின் மரபணுக்களில் சேர்ந்த மாற்றங்களை எண்ணி அந்தக் காலத்தைக் கணிக்கிறார்கள்.

2003இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் மார்க் ஸ்டோன்கிங் குழு சுமார் 72,000 ஆண்டு என்றது. 2011இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக டேவிட் ரீட் குழு, குறைந்தது 83,000, ஒருவேளை 1,70,000 வரை என்றது. அதனால் ஒற்றை எண்ணாக எழுத வேண்டாம். "83,000 முதல் 1,70,000 ஆண்டுகளுக்கு முன்பு ஆடை, பிறகு ஊசித் தையல்" என்று மகளை எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இரண்டு பேன்களையும் வரையட்டும்.