உரிமையாளருக்கு ஒரு மரியாதை: மைனர் லீக் பேஸ்பால் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் ஊரின் மைனர் லீக் பேஸ்பால் அணியை நெடுங்காலம் நடத்தியவர், அதை விற்றுவிட்டு ஓய்வு பெறப்போகிறார். தமிழ்ச் சங்கமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு நினைவுப் பலகை வைக்க இருக்கிறோம். ‘எத்தனையோ நட்சத்திர வீரர்களை உருவாக்கியவர்’ என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். மேஜர் லீக் என்ற உச்ச நிலை லீக்கோடு இணைந்த அணியில் வீரர்களையும் பயிற்சியாளர்களையும் நியமிப்பது, சம்பளம் தருவது, மேல்நிலைக்கு அனுப்புவது எல்லாம் தாய் அணியின், அதாவது இணைந்திருக்கும் மேஜர் லீக் அணியின் வேலை. இன்று யார் பந்து போடுவது என்பதில்கூட உள்ளூர் உரிமையாளர் தலையிட முடியாது. டிக்கெட், தின்பண்டக் கடைகள், பார்க்கிங், விளம்பரப் பலகைகள், புல்தரை, ஊழியர்கள் ஆகியவைதான் அவர் பொறுப்பு. நஷ்டம் வந்தால் அதுவும் அவர் தலையில்தான்.

அணி ஊரைவிட்டுப் போகாமல் அவர் காப்பாற்றினாரா என்று முதலில் பாருங்கள். 2020 வரை இணைப்பு அணிகள் 160 இருந்தன. 2021இல் மைனர் லீக் நிர்வாகத்தை மேஜர் லீக் தன் கையில் எடுத்துக்கொண்டபோது அதை 120 ஆகக் குறைத்தது: ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று நான்கு நிலைகள், நிலைக்கு 30 அணிகள். தப்பிய அணிகளும் மின்விளக்கு, உடைமாற்றும் அறை, பெண் ஊழியர்களுக்குத் தனி அறை, பேட்டிங் கூண்டு என்று புதிய விதிகளுக்கு ஏற்ப மைதானத்தைச் செப்பனிட வேண்டியிருந்தது. அந்தச் செலவை யார் ஏற்றார்கள் என்பது முக்கியம். பெரும்பாலான மைதானங்கள் நகராட்சிக்கோ கவுன்டிக்கோ (மாவட்டம் போன்றது) சொந்தம். அணி வெறும் குத்தகைதாரர். குத்தகை ஒப்பந்தமும் கவுன்சில் கூட்டக் குறிப்புகளும் பொது ஆவணங்கள், கேட்டால் கிடைக்கும். மக்கள் வரிப்பணத்தில் கட்டியதை ‘இவர் கட்டினார்’ என்று வெண்கலத்தில் வார்த்துவிட்டால் திருத்த வழியில்லை; புதுப் பலகைதான் செய்ய வேண்டும்.

வாசகம் 50 சொற்களைத் தாண்ட வேண்டாம். கையில் சோளப்பொரியோடு நடந்துபோகிறவர் நின்று படிக்கும் அளவு அவ்வளவுதான். வாங்கிய ஆண்டு, விற்ற ஆண்டு, செய்த காரியம் இரண்டு போதும். வார்ப்புக்கு அனுப்புமுன் மாதிரிப் படியில் குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தவறு பெரும்பாலும் பெயரின் எழுத்திலும் ஆண்டிலும்தான் வரும்.

கேள்வி: மைதானத்துக்கே அவர் பெயரை வைக்கும்படி மனு கொடுத்தால் என்ன?

பதில்: கொடுக்கலாம். ஆனால் எந்தப் பெயர் எத்தனை நாள் நிற்கும் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் ரெட் விங்ஸ் கதையைப் பாருங்கள். 1957இல் அணி கைநழுவ இருந்தபோது மோரி சில்வர் முன்னின்று பொதுமக்களிடம் பங்கு விற்று அதை ஊருக்கே சொந்தமாக்கினார். 1968இல் மைதானத்துக்கு சில்வர் ஸ்டேடியம் என்று பெயர் சூட்டினார்கள். 1997இல் அணி புதிய மைதானத்துக்குப் போனது. அதற்கு ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயர், இப்போது வேறொரு நிறுவனத்தின் பெயர். பெயர் உரிமை பணத்துக்கு விற்கப்படும் சரக்கு, ஒப்பந்தம் முடிந்தால் பலகையும் மாறும். ஆனால் புது மைதானத்தின் முகவரி இன்றும் ‘1, மோரி சில்வர் வே’ தான். அன்று பங்கு வாங்கிய 8,222 பேரை நினைத்து 8222 என்ற எண்ணுக்கும் அந்த அணி ஓய்வு கொடுத்திருக்கிறது. எந்த வீரரும் அணிய முடியாத எண் என்பதால் யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. இந்த மாதிரி யோசனைகள்தான் நிற்கும்.

ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டிலும் இதே கதை. 1977இல் திவாலாகிக் கிடந்த அணியை வாங்கித் தூக்கி நிறுத்தியவர் பென் மோண்டோர். மைதானம் இருந்த தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2021இல் அணி பக்கத்து மாநிலத்து ஊஸ்டருக்குப் போய்விட்டது, தெருப்பெயர் பாட்டக்கெட்டில் நின்றுவிட்டது.

எனவே கட்டடத்தின் பெயரை விட்டுவிட்டு, தெருவையோ ஆடுகளத்தையோ கேளுங்கள். வட கரோலினா மாநிலத்து டர்ஹமில் மைதானத்துக்கு அணியின் பெயர். உள்ளே புல்தரைக்கு மட்டும் உரிமையாளர் குடும்பப் பெயர், குட்மன் ஃபீல்டு. தெரு என்றால் ‘கௌரவப் பெயர்’ என்று குறிப்பிட்டே மனு எழுதுங்கள். அசல் பெயர்ப் பலகைக்குக் கீழே இன்னொரு பலகை வரும், யாருடைய முகவரியும் மாறாது. அதிகாரபூர்வமாகவே பெயரை மாற்றக் கேட்டால், அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் எதிர்த்துப் பேச வருவார்கள்.

கேள்வி: ஆட்டத்துக்கு முன் விழா வைக்க அணி ஒப்புக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரம் கிடைக்குமா? பொன்னாடை, மாலை உண்டா?

பதில்: பத்து நிமிடத்துக்குள் திட்டமிடுங்கள். அன்றைய பிட்சர் (பந்து வீசுபவர்), ஆட்டம் தொடங்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணி புல்பென்னில் (பிட்சர்கள் பயிற்சி செய்யும் இடம்) தோளைச் சூடேற்றிக்கொண்டிருப்பார். உங்கள் பேச்சு நீண்டால் சூடான தோள் ஆறிப்போகும். லட்சக்கணக்கான டாலர் ஒப்பந்தம் உள்ள கை என்றால் தாய் அணி சும்மா இருக்காது. அடுத்த முறை உங்களுக்கு மைதானமே கிடைக்காது. ஆட்டம் தொடங்குவதற்குள்ளேயே தேசிய கீதம், நடுவர்களிடம் வரிசைப்பட்டியல் கொடுப்பது, தளத்தைச் சீவிக் கோடு போடுவது எல்லாம் நடந்தாக வேண்டும்.

இரண்டு பேச்சாளர்கள், ஆளுக்கு 90 வினாடி. ஒலிபெருக்கிதான் பெரிய சோதனை. வெளிக்களத்து ஒலிபெருக்கி 120 மீட்டர் தள்ளி இருந்தால், ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போவதால், பேசுகிறவருக்குத் தன் குரல் மூன்றில் ஒரு வினாடி கழித்துத் திரும்பக் கேட்கும். புதிதாகப் பேசுகிறவர் அங்கேயே தடுமாறி நிறுத்திவிடுவார். தாளில் எழுதி, எதிரொலியைப் பொருட்படுத்தாமல் படிக்கச் சொல்லுங்கள். மேயரின் பிரகடனம் இருந்தால் முழுவதையும் வாசிக்காமல் கடைசிப் பத்தியை மட்டும் வாசிக்கலாம்.

பொன்னாடை தாராளமாக. மாலை என்றால் இதழ் உதிராத மாலை. உதிர்ந்த பூவை செம்மண் தளத்திலிருந்து பொறுக்குவது மைதானப் பணியாளர்தான், அவர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். குதிகால் உயர்ந்த செருப்போடு யாரும் களத்துக்குள் வர வேண்டாம்.

தேதி? வெள்ளி, சனி வாணவேடிக்கைக்குப் போய்விடும். ஆட்டங்கள் பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை, திங்கள் விடுப்பு. கூட்டம் குறைவான செவ்வாய், புதனில் கேட்டால் அணி சந்தோஷமாகத் தரும். நீங்கள் மொத்தமாக டிக்கெட் வாங்குவதாகச் சொன்னால் இன்னும் சந்தோஷம். சீசன் விளம்பர அட்டவணை குளிர்காலத்திலேயே முடிவாகிவிடும் என்பதால் ஏப்ரலில் போய்க் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முதல் பந்து வீசச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், ஆனால் பிட்சர் நிற்கும் மவுண்ட் (மண்மேடு) மேல் ஏற்ற வேண்டாம். அது 10 அங்குல உயரம், முன்பக்கம் சரிவு. கீழே வரும்போதுதான் கால் தடுக்கும். அங்கிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். மவுண்டுக்கு முன்னால் புல்லில், 30 அடியில் நிறுத்துங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: அவர் உருவத்தில் பாபிள்ஹெட் (தலையாட்டி) பொம்மை செய்து கொடுக்க ஆசை.

பதில்: கோடையில் வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே ஆர்டர் கொடுங்கள். பெரும்பாலும் சீனாவில் செய்து கப்பலில் வரும். முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என மூன்று தெளிவான படங்கள் தேவை. முதலில் களிமண் வடிவத்தின் படம் ஒப்புதலுக்கு வரும். முகத்தில் ஏதாவது திருத்தச் சொல்வதானால் அப்போதே சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு அச்சு எடுத்துவிடுவார்கள், வண்ணத்தைத்தான் மாற்ற முடியும். உரிமையாளர் முகம் வீரர் முகம்போல எல்லோருக்கும் பழக்கமில்லை. அவர் எப்போதும் போடும் தொப்பி, உட்காரும் இருக்கை, கையில் இருக்கும் ஸ்கோர் அட்டை ஆகியவற்றை வைத்துத்தான் ‘அவரேதான்’ என்று சொல்வார்கள். கண்ணாடி போட்டவர் என்றால் அதை முகத்தோடு ஒட்டியே வார்க்கச் சொல்லுங்கள், தனியாக மாட்டினால் பெட்டிக்குள்ளேயே உடையும்.

கேள்வி: கூப்பர்ஸ்டவுனில் உள்ள தேசிய பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (புகழ்பெற்றோர் அரங்கம்) அவரைப் பரிந்துரைக்கலாமா?

பதில்: அங்கே உரிமையாளர்களை ஒரு தனிக் குழு தேர்ந்தெடுக்கிறது. பல மேஜர் லீக் அணிகளை நடத்திய பில் வெக் 1991இல், கறுப்பின வீரர்களின் நுவார்க் ஈகிள்ஸ் அணியை நடத்திய எஃபா மேன்லி 2006இல் இடம்பெற்றார்கள். உங்களுக்கு எட்டுவது மாநில விளையாட்டு ஹால் ஆஃப் ஃபேம்.

கேள்வி: மிஞ்சும் பணத்தில் அவர் பெயரில் உதவித்தொகை தர எவ்வளவு வேண்டும்?

பதில்: ஆண்டுக்கு 1,000 டாலர் என்றென்றைக்கும் தர வேண்டுமானால், 4 சதவீதம் எடுப்பதாக வைத்தால் 25,000 டாலர் மூலதனம் வேண்டும். அவ்வளவு சேராவிட்டால் ‘பத்து ஆண்டுகளுக்கு’ என்று அறிவித்துவிட்டு மூலதனத்தையே செலவழியுங்கள். பணத்தை அணியிடம் கொடுக்காதீர்கள். அது லாப நோக்குள்ள நிறுவனம், வரிவிலக்கு கிடையாது. 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதியுள்ள அறக்கட்டளையில் போடுங்கள். நிதி திரட்ட 40 டாலருக்கு டிக்கெட் விற்று, அதன் சாதாரண விலை 15 டாலர் என்றால், வாங்கியவர் 25 டாலரைத்தான் நன்கொடையாகக் காட்டலாம். ரசீதில் இதைப் பிரித்தே எழுதிக் கொடுங்கள்.