பெயரைப் பார்த்ததும் மாறும் மனசு

கேள்வி: எனக்கு நிறவெறி கிடையாது. அமெரிக்கக் கிளைக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். ஆழ்மனப் பாகுபாடு பற்றிய பயிற்சி எனக்கும் எதற்கு? – வாசகர், சென்னை

பதில்: ‘கிடையாது’ என்று நம்புகிறவர்களிடமும் இருக்கும் என்பதால்தான். 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பாஸ்டன், சிகாகோ நிறுவனங்களுக்குச் சுமார் 5,000 போலி விண்ணப்பங்கள் போயின. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்கு, அதே தகுதியுள்ள லகீஷா, ஜமால் போன்ற கறுப்பினத்தவர் பெயர்களைவிட 50 சதவீதம் கூடுதல் அழைப்பு!

நமக்கே தெரியாமல் மனதில் இருக்கும் சாய்வை அளக்க முயலும் ஐ.ஏ.டி. (Implicit Association Test) என்ற கணினிச் சோதனையைச் செய்து பார்க்கலாம். மறுவாரம் செய்தால் மதிப்பெண் மாறக்கூடும், ஜாதகம்போல் நம்பிவிடாதீர்கள்.

உருப்படியான வழி: பெயர், புகைப்படத்தை மறைத்துவிட்டு விண்ணப்பம் படியுங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகே கலந்து பேசுங்கள். இல்லாவிட்டால் மேலதிகாரி சொன்னதே முடிவாகிவிடும். ‘நம்ம டீமுக்குச் செட் ஆகமாட்டார்’ என்று யாராவது சொன்னால், எந்தப் பதிலை வைத்து என்று கேளுங்கள்.