போய் 18 நாள்தான் ஆகிறது, திரும்பி வருகிறேன் என்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் பத்து மாதம் படிக்க வெளிநாடு போயிருக்கிறாள். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறாள். முதல் நான்கைந்து நாள் உற்சாகமாகப் பேசினாள். இப்போது தினமும் படுக்கப்போகும் நேரத்தில் போன் செய்து அழுகிறாள். வகுப்பில் ஒன்றும் புரியவில்லை, வீட்டில் யாரும் தன்னோடு சரியாகப் பேசுவதில்லை, வந்துவிடுகிறேன் என்கிறாள். அந்த வீட்டம்மாவோ, 'பெண் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை' என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லியிருக்கிறார். அழைத்துக்கொள்வதா, பொறுத்துக்கொள்ளச் சொல்வதா?

பதில்: இப்போதைக்கு டிக்கெட் போட வேண்டாம். மகள் மிகைப்படுத்துகிறாள் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவள் சொல்வது உண்மை. அந்த வீட்டம்மா சொல்வதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

பரிமாற்ற மாணவர்களை அனுப்பும் வேலையில் இருப்பதால் இந்தக் காட்சியைப் பலமுறை கேட்டுவிட்டேன். மாலையில் பள்ளி விட்டு வருகிறாள். வாசலில் ஒரு வணக்கம், ஒரு புன்னகை, நேராக அறைக்குள். வெளியே அந்த வீட்டம்மா, 'பாவம், களைத்து வந்திருக்கிறாள், தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று நினைக்கிறார். உள்ளே இவள், 'அவர்களுக்கு ஆயிரம் வேலை, நான் போய் நின்றால் இடைஞ்சல்' என்று நினைக்கிறாள். இரண்டு பக்கமும் மரியாதைதான். ஆனால் பத்து நாள் கழித்து அந்தக் கதவுக்கு வெளியே இருப்பவருக்கு, 'நம் வீடு பிடிக்கவில்லை போல' என்று படுகிறது. உள்ளே இருப்பவளுக்கு, 'என்னை யாரும் கூப்பிடுவதே இல்லை' என்று தோன்றுகிறது. யார் மேலும் தப்பு இல்லை. ஆனாலும் யாராவது ஒருவர் முதலில் அசைய வேண்டும். அது விருந்தாளியாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

அவள் ஏன் அறைக்குள் போகிறாள்? வீட்டு ஏக்கம் மட்டும் காரணம் இல்லை, களைப்புதான் பெரிய காரணம். நன்றாகப் பழகாத மொழியில் பேச்சு எப்படிக் காதில் விழும் தெரியுமா? எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். பேச்சில் கிடையாது, ஒரே நீளமாக வரும். எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று மூளை வெட்டிப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாய்மொழியில் இந்த வேலை நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. உங்கள் மகள் அதை ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் தெரிந்தே செய்கிறாள். சாயங்காலம் தலை வலிக்காவிட்டால்தான் ஆச்சரியம். முதல் வாரம் உடம்பின் கடிகாரமும் எதிராக நின்றிருக்கும். கடந்துபோகும் ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும் என்பது கணக்கு. கிழக்கே போனவர்களுக்கு இன்னும் சிரமம், ஏனென்றால் நம் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுகிறது. சீக்கிரம் தூங்குவதைவிடத் தாமதமாகத் தூங்குவது அதற்குச் சுலபம். 18 நாளில் அது பெரும்பாலும் சரியாகியிருக்கும். பகலில் அறைக்குள்ளேயே இருந்து வெளிச்சம் படாமல் போனால் மட்டும் இழுத்துக்கொண்டே போகும்.

வெளிநாடு போனவர்களின் மனநிலை முதலில் தேன்நிலவு போல உற்சாகம், அப்புறம் சரிவு, பிறகு மேடு என்று போகும் என ஒரு வரைபடத்தை உங்களிடம் யாராவது காட்டியிருக்கலாம். புதிய ஊரின் பழக்கவழக்கங்களுக்கு நடுவே வரும் தடுமாற்றத்துக்கு 'கலாசார அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கிய மானுடவியலாளர் காலர்வோ ஓபெர்க், 1960இல் வந்த கட்டுரையில் அப்படிப் படிநிலைகளாகத்தான் எழுதினார். ஆனால் ஜப்பானிலிருந்து நியூசிலாந்துக்குப் படிக்கப் போன மாணவர்களை, போய் இறங்கியதிலிருந்து ஓராண்டு கவனித்த ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. அதில் தேன்நிலவே தென்படவில்லை. தொடக்கத்தில்தான் சிரமம் அதிகம், போகப்போகக் குறைந்தது. எனக்கு அந்த ஆய்வுதான் நம் பிள்ளைகளோடு பொருந்துவதாகப் படுகிறது. முதல் நான்கு நாள் உற்சாகம் பயணத்தின் வேகமாக இருந்திருக்கலாம். அதனால் 'சரிவு தொடங்கிவிட்டது, இனி மாதக்கணக்கில் இப்படித்தான்' என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

சரி, என்ன செய்வது? ஒரே ஒரு மாற்றத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் அறையில் படுக்கட்டும், அது அவளுக்குத் தேவை. அதற்கு முன், 'கொஞ்சம் தலை வலிக்கிறது, அரை மணி நேரத்தில் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகட்டும். வெளியே இருப்பவருக்கு அந்த ஒரு வரியே மூடிய கதவைத் திறந்த மாதிரி. அப்புறம் வீட்டுப்பாடத்தை அறையில் செய்யாமல், எல்லோரும் நடமாடும் இடத்தில் இருக்கும் மேசைக்குக் கொண்டுபோகட்டும். பேச வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, கண்ணில் பட்டால் போதும். கண்ணில் படுகிறவளிடம் யாராவது ஏதாவது கேட்பார்கள்.

கைக்கு ஒரு வேலையும் வேண்டும். 'ஏதாவது உதவி செய்யட்டுமா?' என்று பொதுவாகக் கேட்டால் எந்த ஊரிலும் 'பரவாயில்லை, நீ உட்கார்' என்றுதான் பதில் வரும். 'இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டுகளை நான் துடைத்து வைக்கிறேன்' என்று குறிப்பாகச் சொன்னால் மறுப்பது கடினம். பாத்திரம் துடைக்கும் பத்து நிமிடத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. இலக்கணப் பிழையோடு பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கரண்டி எந்த இழுப்பறையில், தட்டு எந்த அலமாரியில் என்று கேட்டுக் கேட்டே இருபது சொல் வந்துவிடும்.

ரோட்டரி இளைஞர் பரிமாற்றத்தில் 'முதல் இரவுக் கேள்விகள்' என்று ஒரு பட்டியல் புழக்கத்தில் இருக்கிறது. உங்களை எப்படிக் கூப்பிடட்டும், நான் எந்த நேரத்தில் குளித்தால் உங்களுக்கு வசதி, அழுக்குத் துணியை எங்கே போடுவது, பசித்தால் கேட்காமல் எடுத்துச் சாப்பிடலாமா, இப்படிப் போகும். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் இவை தெரியாத வீட்டில் ஒரு பிள்ளை ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் தயங்கித்தான் எழுந்திருப்பாள். ராத்திரி பசித்தால்கூட அறைக்குள்ளேயே கிடப்பாள். உங்கள் மகள் இதையெல்லாம் கேட்டிருக்கிறாளா என்று விசாரியுங்கள். முதல் இரவு போய்விட்டதே என்று பார்க்க வேண்டாம். 'வந்த அன்றே கேட்டிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்' என்று சொல்லி இப்போது கேட்டாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். என் அனுபவத்தில், 'யாரும் சரியாகப் பேசுவதில்லை' என்ற புகார் பல நேரம் இந்த இடத்தில்தான் கரைகிறது.

வகுப்பைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். மூன்றாவது வாரத்தில் வகுப்பு புரியாதது இயல்பு. எல்லாப் பாடத்தையும் பிடிக்கப் பார்த்தால் எதுவும் நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு பாடத்தில் மட்டும் முழுக் கவனம் போதும், அதையும் கணிதத்தில் தொடங்கலாம், எண்கள் கைகொடுக்கும். முக்கியமாக, புரியாததற்குத் தலையாட்ட வேண்டாம். புரிந்துவிட்டது என்று நினைத்து ஆசிரியர் அடுத்ததற்குப் போய்விடுவார்.

இப்போது உங்கள் பக்கம். அவள் உங்களை அழைக்கும் நேரத்தைப் பாருங்கள், நாளிலேயே மிகவும் களைத்த நேரம் அது. அன்றைய பாரம் முழுவதையும் உங்களிடம் இறக்கிவைத்துவிட்டு அவள் தூங்கிவிடுகிறாள். விடிய விடிய விழித்திருப்பது நீங்கள். அழைப்பை நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றுங்கள். வாரத்தில் இரண்டு நாள், பகல் வெளிச்சத்தில், முடிந்தால் அவள் வெளியே நடந்துகொண்டே பேசட்டும். மற்ற நாட்களில் ஒரு குரல் செய்தி போதும். 'சாப்பிட்டாயா, அழுதாயா' என்று தொடங்காமல், 'இன்று யாரிடம் பேசினாய்' என்று தொடங்குங்கள். பதிலுக்கு ஒரு பெயர் வந்தால், அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். 'எப்போது வேண்டுமானாலும் வந்துவிடு' என்று ஆறுதலுக்குச் சொல்வதையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது ஆறுதலாக அல்ல, அனுமதியாகக் கேட்கும்.

இவ்வளவும் சாதாரணச் சிரமத்துக்கு. ஒரு சில விஷயங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. வீட்டில் யாராவது அவளைத் தொடும் விதமோ பேசும் விதமோ உறுத்தினால், அறைக் கதவைத் தாழிட விடாவிட்டால், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டால் தர மறுத்தால், வயிற்றுக்குப் போதாமல் இருந்தால், அன்றைக்கே ஒருங்கிணைப்பாளரை அழையுங்கள். அவர் மழுப்பினால் திட்டத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போங்கள். வீட்டை மாற்றுவது அபூர்வமான காரியம் இல்லை, அது அவளுடைய தோல்வியும் இல்லை. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போனாலும், உயிரை வெறுத்து ஒரு வார்த்தை வந்தாலும் அது வீட்டு ஏக்கம் இல்லை. முன்னதற்கு மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பின்னதற்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

இவை எதுவும் இல்லையா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நேராகக் கேட்டே உறுதி செய்யுங்கள், அந்த வீட்டார் காதில் விழாத இடத்திலிருந்து அவள் பேசும்போது. இல்லை என்றால், இன்னும் நான்கு வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்து, அன்று இருவரும் சேர்ந்து முடிவெடுப்போம் என்று சொல்லுங்கள். அதுவரை தினமும் இரவு 'வரட்டுமா, இருக்கட்டுமா' என்ற பேச்சை எடுக்க வேண்டியதில்லை. அந்த வீட்டம்மாவுக்கும் நீங்களே இரண்டு வரி எழுதிப் போடுங்கள்: பேசக் கூச்சப்படுகிறாள், உங்களைப் பிடிக்காமல் இல்லை, தட்டு துடைக்க வந்து நின்றால் துணியைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்று.