வாசகர் கேள்விகள்: அமெரிக்கப் பழமைவாதிகள் எப்படி வென்றார்கள், எதை மாற்றினார்கள்?

1964 குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பாரி கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தபோது அமெரிக்காவில் பழமைவாதத்தின் கதை முடிந்தது என்றே பலர் கருதினார்கள். பதினாறே ஆண்டுகளில் அரசு சுருங்க வேண்டும், வரி குறைய வேண்டும் என்ற அதே கொள்கையைப் பேசிய ரொனால்ட் ரீகன் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தது எப்படி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

தோல்வியின் அளவைப் பார்த்தவர்கள், தோற்றவர்களின் கையில் என்ன மிஞ்சியது என்று பார்க்கவில்லை. ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன் 44 மாநிலங்களை அள்ளிக்கொண்டார். கோல்ட்வாட்டருக்குச் சொந்த மாநிலமான அரிசோனாவும் தெற்கில் ஐந்து மாநிலங்களும் மட்டுமே கிடைத்தன. ஆனால், தேர்தல் முடிந்த சில மாதங்களில் ரிச்சர்ட் விகரி என்ற இளைஞர் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபைச் செயலரின் அலுவலகத்துக்குப் போனார். கோல்ட்வாட்டருக்கு 50 டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியல் சட்டப்படி அங்கே பொதுப்பார்வைக்கு இருந்தது. படியெடுக்கும் கருவியை அனுமதிக்காததால், ஆட்களை வைத்துக் கையாலேயே பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களையும் முகவரிகளையும் எழுதி எடுத்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் அஞ்சல் வழியே பணமும் ஆதரவும் திரட்டிய பெரும் இயந்திரம் அந்தப் பட்டியலிலிருந்துதான் வளர்ந்தது.

அதே தேர்தலில், வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு, கோல்ட்வாட்டரை ஆதரித்துத் தொலைக்காட்சியில் பேசிய நடிகர்தான் ரீகன். இரண்டு ஆண்டுகளில் அவர் கலிபோர்னியாவின் ஆளுநரானார். 1971இல் லூயிஸ் பவல் என்ற வழக்கறிஞர், அமெரிக்க வர்த்தக சபைக்கு ஓர் இரகசியக் குறிப்பு எழுதினார். பல்கலைக்கழகங்கள், ஊடகங்கள், நீதிமன்றங்கள் ஆகிய மூன்றிலும் தொழில் உலகம் நிதானமாக, பல ஆண்டுத் திட்டத்தோடு இடம்பிடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சில மாதங்களில் அவரே உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். 1973இல் மது ஆலை அதிபர் ஜோசப் கூர்ஸின் பணத்தோடு பழமைவாதக் கொள்கை ஆய்வு அமைப்பான ஹெரிட்டேஜ் அறக்கட்டளை தொடங்கியது.

இத்தனையும் இருந்தாலும் 1970களின் விலைவாசி உயர்வு இல்லாமல் ரீகன் வென்றிருப்பாரா என்பது ஐயமே. கலிபோர்னியாவில் வீட்டு மதிப்பு ஏறிக்கொண்டே போக, அதனோடு சொத்து வரியும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்கள் சொந்த வீட்டில் குடியிருக்க முடியாமல் தவித்தார்கள். 1978 ஜூனில் ‘13ஆம் முன்மொழிவு’ என்ற பொது வாக்கெடுப்பில், சொத்து வரி மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அந்த மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று மக்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முடிவு செய்தார்கள். கட்சிப் பிரசாரம் பதினைந்து ஆண்டுகளாகச் சாதிக்காததை ஒரு வரிச்சீட்டு சாதித்தது.

தெற்கு மாநிலங்கள் நூறு ஆண்டுகள் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்தன. அவை கட்சி மாறியதற்கு இனப் பகைமை ஒன்றுதான் காரணமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை விலக்கிவிட்டால் கணக்கு நேராகாது. பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராகக் கோல்ட்வாட்டர் வாக்களித்தார். தனியார் கடைகளிலும் விடுதிகளிலும் யாரை அனுமதிக்க வேண்டும் என்று மத்திய அரசு சொல்லக் கூடாது என்பது அவர் தந்த விளக்கம். அவர் இனவெறியரா என்ற விவாதம் இங்கே அவசியமற்றது. கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்க முடியாதபடி தடுக்கப்பட்டிருந்த மிசிசிப்பியில் அவருக்கு 87 சதவீத வாக்கு விழுந்தது என்பதே போதும். ஜார்ஜியா மாநிலம் குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சியைத் தேர்ந்தெடுத்தது வரலாற்றில் அதுவே முதல் முறை.

பின்னர் வந்த இராணுவத் தொழிற்சாலைகள், புறநகர்க் குடியிருப்புகள், வடக்கிலிருந்து குடியேறிய நடுத்தர வர்க்கம் ஆகியவையும் தெற்கை மாற்றின. அந்த மாற்றம் மெதுவானது. பிரதிநிதிகள் சபையின் தெற்குத் தொகுதிகளில் பெரும்பான்மையைக் குடியரசுக் கட்சி பிடித்தது 1994இல்தான்.

கருக்கலைப்பை அனுமதித்த 1973ஆம் ஆண்டுத் தீர்ப்புதானே கிறித்தவ அமைப்புகளை அரசியலுக்குள் இழுத்தது?
– வாசகர், நாகர்கோவில்

அப்படித்தான் பரவலாகச் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. தீர்ப்பு வந்த நாள் முதல் எதிர்த்தவர்கள் கத்தோலிக்கர்கள். நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் மாநாடோ, 1971இல் சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றே தீர்மானம் போட்டிருந்தது.

தெற்கு பாப்டிஸ்டுகள் போன்ற நற்செய்திச் சபையினரை உசுப்பியதில் வருமான வரித் துறைக்கும் பெரிய பங்கு உண்டு. பள்ளிகளில் இனப் பிரிவினை ஒழிக்கப்பட்ட பின், தெற்கில் வெள்ளையருக்கென்றே பல தனியார் கிறித்தவப் பள்ளிகள் முளைத்தன. அவற்றில் இனப் பாகுபாடு காட்டுபவற்றுக்கு வரிவிலக்கு இல்லை என்று 1978இல் அத்துறை விதி கொண்டுவர முயன்றபோது, எதிர்ப்புக் கடிதங்கள் மலையாகக் குவிந்தன. மறு ஆண்டே பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற கிறித்தவ அரசியல் அமைப்பைத் தொடங்கினார். அப்போது வெள்ளை மாளிகையில் இருந்த ஜிம்மி கார்ட்டர், ஞாயிறு வேதாகம வகுப்பு எடுக்கும் பாப்டிஸ்ட் என்பதையும், அவரை விட்டுவிட்டு, மணமுறிவு பெற்று மறுமணம் செய்த ஹாலிவுட் நடிகர் ரீகனை அவர்கள் ஆதரித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெண்களின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. ஆண், பெண் சம உரிமையை அரசியல் சாசனத்தில் எழுதும் திருத்தம் 1972இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும், 35 வரை வந்தும்விட்டது. இல்லினாய் மாநிலத்தின் ஃபில்லிஸ் ஷ்லாஃப்லி, பெண்களையும் கட்டாயமாகப் போருக்கு அனுப்புவார்கள், கணவன் காப்பாற்ற வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு போய்விடும் என்று இல்லத்தரசிகளைத் திரட்டினார். அவர்கள் வீட்டில் சுட்ட ரொட்டியோடு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களைப் போய்ப் பார்த்தார்கள். 1982இல் காலக்கெடு முடிந்தபோது, எஞ்சிய மூன்று மாநிலங்கள் கிடைத்தபாடில்லை.

கோல்ட்வாட்டருக்கு இந்த மதவாதிகளைப் பிடித்திருந்ததா?
– வாசகர், ஈரோடு

துளியும் பிடிக்கவில்லை. 1981இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக சாண்ட்ரா டே ஓ'கானரை ரீகன் நியமித்தபோது, நல்ல கிறித்தவர்கள் கவலைப்பட வேண்டும் என்றார் ஃபால்வெல். நல்ல கிறித்தவர் ஒவ்வொருவரும் ஃபால்வெல்லின் பின்புறத்தில் ஓர் உதை விட வேண்டும் என்று பதில் சொன்னார் கோல்ட்வாட்டர்.

அரசைச் சுருக்குவேன் என்று வந்த ரீகன் அதைச் செய்தாரா? வரியைக் குறைத்தால் வருவாய் கூடும் என்பது எங்காவது மெய்ப்பட்டிருக்கிறதா?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

வரியைக் குறைத்தார், அரசைச் சுருக்கவில்லை. தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 1981 சட்டத்தால் 70 சதவீதத்திலிருந்து 50 ஆகவும், 1986 சட்டத்தால் 28 ஆகவும் இறங்கியது. இராணுவச் செலவு ஏறியது. எட்டு ஆண்டுகளில் நாட்டின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானது. 1982இல் அவரே வேறு சில வரிகளை உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார் என்பதையும், 1983இல் முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியைக் காப்பாற்ற எதிர்க்கட்சியோடு சேர்ந்து ஓய்வு வயதைப் படிப்படியாக 67 ஆக்கினார் என்பதையும் அவருடைய பக்தர்கள் அதிகம் பேசுவதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கான்சஸ் மாநிலம்தான் நல்ல சோதனைக்கூடம். 2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் உச்ச வருமான வரியை 6.45 சதவீதத்திலிருந்து 4.9 ஆகக் குறைத்தார். அதைவிட முக்கியமாக, கூட்டு நிறுவனங்களும் தனி உரிமையாளர்களும் ஈட்டும் தொழில் வருமானத்துக்கு மாநில வரியே இல்லை என்றார். உடனே, அதுவரை சம்பளம் வாங்கியவர்களில் பலர் தம்மைத் ‘தொழில்’ என்று காட்டிக்கொள்ள வழி திறந்தது. வருவாய் கோடிக்கணக்கில் விழுந்தது, கடன் மதிப்பீடு இறங்கியது, நெடுஞ்சாலை நிதியை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போட்டார்கள், 2015இல் சில பள்ளி மாவட்டங்கள் பணம் போதாமல் கல்வியாண்டைச் சில நாட்கள் முன்னதாகவே முடித்தன. அதே ஆண்டில் விற்பனை வரியை உயர்த்தினார்கள். அதாவது, தொழில் உரிமையாளருக்கு விட்டுக்கொடுத்ததை மளிகைக் கடை வரிசையில் நிற்பவரிடம் வாங்கினார்கள். கடைசியில் 2017இல் ஆளுநரின் மறுப்பாணையையும் மீறி அந்த வரிச்சலுகையை நீக்கியது, அவருடைய கட்சியே பெரும்பான்மை வகித்த சட்டமன்றம்.

1981 விமானக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தத்தைத் தொழிற்சங்கத்தினர் இன்றும் குறிப்பிடுகிறார்கள். ஒரு வேலைநிறுத்தத்துக்கு அவ்வளவு முக்கியத்துவமா?
– போக்குவரத்துத் தொழிலாளர், மதுரை

உண்டு. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 1981 ஆகஸ்ட் 3 அன்று வேலையை நிறுத்தினார்கள். வாரத்துக்கு 32 மணி நேர வேலை, ஊதிய உயர்வு ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகள். மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். 48 மணி நேரம் கெடு கொடுத்த ரீகன், திரும்பாத பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரை நீக்கினார். மீண்டும் அப்பணியில் சேரவும் தடை விதித்தார். 1980 தேர்தலில் அவரை ஆதரித்த மிகச் சில சங்கங்களில் அவர்களுடைய சங்கமும் ஒன்று என்பதுதான் வேதனை.

வேலைநிறுத்தம் செய்பவர்களுக்குப் பதிலாக நிரந்தரமாக ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்பது தனியார் துறையில் 1938 முதலே சட்டம். ஆனால் முதலாளிகள் அதைச் செய்யத் தயங்கினார்கள். நாட்டின் தலைவரே செய்து காட்டிய பின் அந்தத் தயக்கம் போயிற்று. ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற வேலைநிறுத்தங்கள் 1970களில் எந்த ஆண்டிலும் இருநூறுக்குக் குறையவில்லை. 1982 முதல் எந்த ஆண்டிலும் நூறை எட்டவில்லை. 1983இல் ஊழியரில் நூற்றுக்கு 20 பேர் சங்க உறுப்பினர்கள். இன்று சுமார் 10 பேர். தொழிற்சாலைகள் வெளிநாட்டுக்குப் போனதும் இதற்குக் காரணம்தான். ஆனால், அந்தத் தொழிலாளிகள் வேறிடத்தில் வேலை தேடியபோது அங்கே சங்கம் எழாமல் போனதற்கு 1981ஐயும் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

ஏழைகளுக்கான உதவியை வெட்டியது ஜனநாயகக் கட்சியின் கிளின்டன் அல்லவா? அதைப் பழமைவாதிகள் கணக்கில் எழுதலாமா?
– வாசகி, சென்னை

எழுதலாம்; கையெழுத்து மட்டுமே கிளின்டனுடையது. 1994இல் நியூட் கிங்ரிச் தலைமையில் குடியரசுக் கட்சி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பிரதிநிதிகள் சபையைப் பிடித்தது. ‘பெரிய அரசின் காலம் முடிந்தது’ என்று 1996 ஜனவரியில் கிளின்டனே அறிவித்தார். அந்த ஆகஸ்டில் உதவிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எதிரியின் மொழியை ஆளுங்கட்சி பேசத் தொடங்குவதைவிடப் பெரிய வெற்றி ஓர் இயக்கத்துக்கு இல்லை.

அதுவரை தகுதியுள்ள ஒவ்வொரு ஏழைக் குடும்பத்துக்கும் பண உதவி உரிமையாக இருந்தது. புதிய சட்டம் ஆயுளில் ஐந்து ஆண்டு என்று வரம்பு வைத்து, வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்து, பணத்தை மொத்தமாக மாநிலங்களிடம் ஒப்படைத்தது. தனித்து வாழும் தாய்மார் பலர் வேலைக்குப் போனார்கள்; 1990களின் பொருளாதார வளர்ச்சியும் அதற்குக் கைகொடுத்தது. ஆனால் ஆண்டுக்கு 1,650 கோடி டாலர் என்று நிர்ணயித்த தொகை, விலைவாசி ஏறியும் அப்படியே நின்றது. 1996இல் குழந்தைகள் உள்ள நூறு ஏழைக் குடும்பங்களில் 68 குடும்பங்களுக்கு உதவி கிடைத்தது. 2020இல் சுமார் 21க்குத்தான். மாநிலங்கள் அந்தப் பணத்தைத் தம் விருப்பம் போலச் செலவிட்டன. மிசிசிப்பியில் அதிலிருந்து 50 லட்சம் டாலர் ஒரு பல்கலைக்கழகத்தின் கைப்பந்து அரங்கம் கட்டப் போனது தணிக்கையில் வெளிவந்து, சிலர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நாட்டிலேயே மிக ஏழை மாநிலம் அது.

இவற்றில் நிலைத்து நிற்கும் மாற்றம் எது? டிரம்ப் இதே மரபில் வந்தவர்தானா?
– வழக்கறிஞர், தஞ்சாவூர்

நீதிமன்றம்தான். 1982இல் யேல், சிகாகோ சட்டக் கல்லூரி மாணவர்கள் பழமைவாதச் சட்டத் துறையினரின் அமைப்பான ஃபெடரலிஸ்ட் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 1987இல் ரீகன் நியமித்த ராபர்ட் போர்க்கை செனட் நிராகரித்ததும், நம்பகமான ஆட்களை இளம் வயதிலேயே அடையாளம் காணும் பணி மேலும் தீவிரமானது. டிரம்ப் தம் முதல் ஆட்சியில் நியமித்த மூன்று நீதிபதிகளும் அந்த வட்டத்தின் பரிந்துரைகளில் வந்தவர்கள். 2022 ஜூனில் 1973ஆம் ஆண்டுக் கருக்கலைப்புத் தீர்ப்பு வீழ்ந்தது. ஆனால் இரண்டு மாதங்களுக்குள், மேலே சொன்ன அதே கான்சஸில், கருக்கலைப்பு உரிமையை மாநிலச் சாசனத்திலிருந்து நீக்கலாமா என்று கேட்டபோது ஏறத்தாழ 59 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். நீதிமன்றத்தை வென்றவர்கள் சொந்த வாக்காளரையே முழுதாக வெல்லவில்லை.

டிரம்ப் பாதி வாரிசு. 1986இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் ஆவணமற்ற குடியேறிகள் சுமார் 27 லட்சம் பேர் சட்டப்படி வாழும் உரிமை பெற்றார்கள்; தடையற்ற வணிகம் ரீகனின் மந்திரம். டிரம்ப் இரண்டையும் கைவிட்டார். வரியில் மாற்றமில்லை: 2017 சட்டம் நிறுவன வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆக்கியது. 2025 ஜூலையில் தனிநபர்களுக்கான சலுகைகளில் பெரும்பாலானவை நிரந்தரமாக்கப்பட்டபோது, 1996இல் பண உதவிக்கு வந்த வேலை நிபந்தனை ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டுக்கும் வந்தது. பயன்பெறும் வயது வந்தோர் பலர் மாதம் 80 மணி நேரம் உழைத்ததற்கோ படித்ததற்கோ சான்று காட்ட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.