ரோமம் இருந்தா குளிராதா?

கேள்வி: எங்க வீட்ல ரெண்டு நாய். மணிக்கு 11 வயசு, குட்டை முடி, ஒல்லி உடம்பு. இன்னொண்ணு ஹஸ்கி, 3 வயசு. ராத்திரி ரெண்டும் வெளியில கூண்டுலதான் படுக்கும், ஆளுக்கொரு கூண்டு, உள்ள கம்பளி விரிச்சிருக்கேன். இந்தக் குளிருக்கு மணி நடுங்குது, காலைல எந்திரிக்கவே சிரமப்படுது. உள்ள கூட்டிட்டு வரலாம்னா மாமனார், "நாய்க்கு ரோமம் இருக்கும்மா, அது தாங்கும், அந்த ஹஸ்கியப் பாரு பனியில உருண்டு விளையாடுது"ன்னு சொல்றார். நான்தான் ரொம்ப பயப்படுறேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லம்மா, நீங்க பயப்படுறது நியாயம்தான். முதல்ல மணியை உள்ள கூட்டிட்டு வந்துடுங்க, மீதியை அப்புறமா படிங்க.

உங்க மாமனார் சொல்றது ஹஸ்கிக்கு நிறையவே பொருந்தும். அதுக்கு முடி ரெண்டு அடுக்கு, உள்ள பஞ்சு மாதிரி அடர்த்தியா இருக்குறது சூட்டைப் புடிச்சு வச்சுக்கும், மேல இருக்குற நீள முடி பனியையும் ஈரத்தையும் தோலுக்குப் போக விடாது. மணிக்கு இருக்குறது மெல்லிசா ஒரே அடுக்கு. அதுவும் ஒல்லி உடம்பு, தோலுக்கு அடியில கொழுப்பு கிடையாது, வயசும் ஆயிடுச்சு. அதனால இதையும் ஹஸ்கியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, அது தாங்குது இதுவும் தாங்கும்னு சொல்லவே கூடாது.

இன்னொரு விஷயம், நாயோட சாதாரண உடம்புச்சூடே 38.3லேருந்து 39.2 டிகிரி செல்சியஸ். நமக்கு நார்மலான 37 டிகிரிக்குக் கீழ அது போச்சுன்னா உடம்பு ஆபத்தா குளிர ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். அதனால கையால தொட்டுப் பார்த்து "கதகதன்னுதானே இருக்கு"ன்னு விட்டுடாதீங்க, நம்ம கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நடுங்குறது உடம்பு சூட்டை உண்டாக்கப் போராடுதுன்னு அர்த்தம். நல்லா நடுங்கிட்டிருந்த நாய் திடீர்னு நடுக்கத்தை நிறுத்திட்டு சோம்பலா, தள்ளாடி, கூப்பிட்டாலும் திரும்பாம படுத்திருந்தா, அப்பாடா சரியாயிடுச்சுன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க, அதுதான் ரொம்ப மோசமான கட்டம். ஈரத்தைத் துடைச்சு, காஞ்ச போர்வையில சுத்தி, வெதுவெதுப்பான தண்ணி ஊத்துன பாட்டிலைத் துணியில நல்லா சுருட்டி நெஞ்சு வயிறு பக்கம் வச்சு, அப்படியே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. காது நுனி, வால் நுனி, பாதம் இதெல்லாம் வெளுத்தோ நீலம் பாஞ்சோ இருந்தா உறைபனியில திசு அடிபட்டிருக்கலாம், அங்க மட்டும் தேய்க்கவே தேய்க்காதீங்க, தேய்ச்சா இன்னும் கெட்டுப்போகும்.

இப்ப கூண்டு. ஹஸ்கி வெளியிலேயே இருக்கட்டும்னு நீங்க முடிவு பண்ணாலும், அந்தக் கம்பளியை எடுத்துடுங்க. நாயோட மூச்சுக்காத்து, ஈரப் பாதம் எல்லாம் சேர்ந்து ராத்திரிக்குள்ள கம்பளி நனைஞ்சிடும், நனைஞ்ச கம்பளி சூட்டைக் குடுக்காது, உடம்புல இருக்குற சூட்டைத்தான் உறிஞ்சும். மணி நடுங்குனதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதுக்குப் பதிலா காஞ்ச வைக்கோல் நிறைய போடுங்க, நாய் அதுக்குள்ள குழி பண்ணிப் புதைஞ்சு படுத்துக்கும், ஈரமாயிட்டா மாத்திடுங்க. கூண்டு தரையில ஒட்டாம கொஞ்சம் உயரமா இருக்கணும், வாசல் காத்து அடிக்காத பக்கம் பார்த்திருக்கணும், ஒரு திரை தொங்கவிடுங்க. பெரிய கூண்டுதான் வசதின்னு நினைப்போம், ஆனா எழுந்து நின்னு திரும்பிப் படுக்குற அளவு போதும், ரொம்பப் பெருசா இருந்தா அதோட உடம்புச்சூடு அந்த இடத்தைச் சூடாக்கப் பத்தாது. என்னதான் செஞ்சாலும் காத்தும் ஈரமும் சேர்ந்து அடிக்கிற ராத்திரியில ஹஸ்கியையும் உள்ள விட்டுடுங்க, நனைஞ்சுட்டா அந்த ரெண்டு அடுக்கு முடியாலயும் பிரயோஜனம் இல்ல.

உள்ள வந்த மணிக்கு ஜன்னல், கதவு இடுக்குலேருந்து காத்து வராத மூலையா பார்த்து, தரையிலேருந்து ஒரு சாண் உயரத்துல மெத்தை போட்டா போதும். ஹீட்டர் போட்டா தள்ளி வைங்க. எங்க வீட்டுல ஒரு வயசான நாய்க்கு, பாவம் குளிருதேன்னு எலக்ட்ரிக் ஹீட்டிங் பேட் போட்டு விட்டேன், அது அசையாம அதுமேலயே படுத்திருந்து வயித்துல கொப்புளம் வந்துடுச்சு, ஒரு சத்தம் கூடப் போடல. இன்னைக்கும் அதை நினைச்சா எனக்கு மனசு ஆறல. கரி அடுப்பை மூடுன ரூம்ல வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு சேர்ந்துடும், நாய்க்கும் ஆபத்து உங்களுக்கும் ஆபத்து.

ஸ்வெட்டர் போடலாம், மணி மாதிரி நாய்க்கு அவசியம்னே சொல்வேன். கழுத்துலேருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும், வயிறும் மூடுற மாதிரி இருக்கணும், உள்ள ரெண்டு விரல் போகணும். நனைஞ்சா உடனே கழட்டிடணும். வாக்கிங் ஒரே நீட்டா போகாம கொஞ்சம் கொஞ்ச நேரமா, வெயில் இருக்குறப்போ போங்க.

திரும்பி வந்ததும் நாலு காலையும் வெதுவெதுப்பான தண்ணில கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைங்க. ரோட்டுல பனி உருகப் போடுற உப்பு பாதத்தை எரிக்கும், நக்குனா வாந்தி வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, குளிர்ல ரேடியேட்டர் தண்ணி உறையாம இருக்க காருக்கு ஊத்துற ஆன்ட்டிஃப்ரீஸ். அதுல இருக்குற எத்திலின் கிளைக்கால் இனிப்பா இருக்கும், தரையில சிந்துனதை நாய் நக்கிடும், கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. முதல்ல குடிச்ச மாதிரி தள்ளாடும், வாந்தி எடுக்கும், அப்புறம் தெளிஞ்ச மாதிரி தெரியும், ஆனா உள்ள கிட்னி கெட்டுக்கிட்டே இருக்கும். மாத்து மருந்து இருக்கு, அது சில மணி நேரத்துக்குள்ள குடுத்தாதான் வேலை செய்யும். அதனால நக்கிடுச்சோன்னு சந்தேகம் வந்தாலே காத்திருக்காம கிளம்பிடுங்க. வீட்ல கார் நிக்கிற இடத்தை இன்னைக்கே ஒரு தடவை பாருங்க.

சாப்பாடு, வெளியில ஓடியாடுற ஹஸ்கிக்குக் கொஞ்சம் கூடக் குடுக்கலாம். மணி ஒல்லிதானே, அதுக்கு எவ்வளவு குடுக்கணும்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க. வெளியில வைக்கிற தண்ணி உறைஞ்சிருக்கான்னு அப்பப்ப பாருங்க, கடுங்குளிர்ல நாக்கு ஒட்டிக்காம இருக்க உலோகக் கிண்ணத்துக்குப் பதிலா பிளாஸ்டிக்ல வைங்க.

கடைசியா, மணி காலைல எந்திரிக்கச் சிரமப்படுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. 11 வயசுல அது மூட்டுத் தேய்மானமா இருக்கலாம், குளிர்ல வலி இன்னும் கூடும். நம்ம வலி மாத்திரையைக் குடுத்துடாதீங்க, பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு விஷமாயிடும். நாய்க்குன்னே வேற மருந்து இருக்கு, இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டுங்க. போறதுக்கு முன்னாடி காலைல அது எந்திரிக்கிறதை போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக்குங்க, கிளினிக்குக்குள்ள போனா பதட்டத்துல நல்லா நடந்து காட்டிடும், அப்புறம் டாக்டருக்கு ஒண்ணும் புரியாது.